பெயர் வெளியிடப்படாத கோல்காப்பாளர்

நவம்பர் 12, சனி

இன்றைக்கும் இவருக்குப் பெயர் இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் இன்வர்கார்ன் தீசில் உதைபந்தாட்டக் கழகத்தின் ஒலிபெருக்கி பதினொரு பேரின் பெயர்களையும் வாசிக்கும். கோல்காப்பாளர்தான் முதலில். "இலக்கம் ஒன்று, ட்ரயலிஸ்ட்" என்று வாசித்தார்கள். ஸ்கொட்லாந்தின் கீழ்ப்பிரிவுகளில் இப்படியொரு வழக்கம் உண்டு. ஒப்பந்தம் இல்லாத ஒருவரை மூன்று ஆட்டங்கள் இறக்கிப் பார்க்கலாம். அதுவரை அவர் ட்ரயலிஸ்ட், அதாவது பரீட்சித்துப் பார்க்கப்படுகிறவர். பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் வேறு கழகம் வந்து கொத்திக்கொண்டு போய்விடுமாம். மூன்று ஆட்டம் முடிந்ததும் ஒன்றில் ஒப்பந்தம், அல்லது கைகுலுக்கல்.

என் வீட்டுக்காரரைக் கொத்திக்கொண்டு போக எந்தக் கழகமும் வேலிக்கு அப்பால் காத்திருக்கவில்லை. வயது நாற்பத்திரண்டு. படி இறங்கும்போது இடது முழங்கால் சத்தம் போடும். வார நாட்களில் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். இருபது வருடத்தில் ஒன்பது கழகங்களுக்கு விளையாடியாயிற்று. கடைசிக் கழகம் கோடையில் விடுவித்தது. அதன்பிறகு இரண்டு இடங்களில் ட்ரயலிஸ்ட்டாக நின்று இரண்டு முறை கைகுலுக்கிவிட்டு வந்திருக்கிறார். இது மூன்றாவது இடம், இங்கே முதல் ஆட்டம்.

ரகசியத்தின் இலட்சணத்தையும் எழுத வேண்டும். இந்தப் பிரிவு முழுவதிலும் மொட்டைத் தலையும் பெரிய மீசையுமாக ஒரு தமிழர்தான் இருக்கிறார். எதிரணியின் முன்வரிசைக்காரன் ஓடிவந்து, "டேவ், முழங்கால் எப்பிடி?" என்று கேட்டான். தவயோகராஜா என்ற பெயரைச் சொல்ல முடியாமல் இருபது வருடமாக எல்லாரும் டேவ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உடனே நடுவர் விசில் ஊதி, "ட்ரயலிஸ்ட்டோட கதைக்க வேண்டாம்" என்றார்.

(இந்த ஊரார் பேசுகிற ஆங்கிலத்தை என் காது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வாங்கிக்கொள்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.)

ஒன்றுக்கு ஒன்று. ஒரு பெனல்டியைத் தடுத்தார். நான் போனதற்குக் காரணம், இவருடைய கார் பழுது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மறுபடி ஏற்றப் போவது பெற்றோல் வீண்.

கையுறைகளைக் குழந்தைகளின் ஷாம்பூவில் கழுவி ரேடியேற்றரில் போட்டிருக்கிறேன். சமையலறை முழுக்க ஈர நாயின் வாசம்.

நவம்பர் 20, ஞாயிறு

அண்ணா லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தார். ஹரோவில் இரண்டாவது கடை திறக்கிறார். தைப்பொங்கலோடு நாங்கள் அங்கே போய்விட வேண்டும், இவர் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குள் ஏதாவது கழகம் ஒப்பந்தம் செய்தால் மட்டும் இங்கே இருப்பது. இப்படித்தான் மூவரும் பேசி முடித்திருக்கிறோம். பேசி முடித்தோம் என்ன, யோசனையே என்னுடையது.

"பிள்ளை, நீ வடிவா யோசி," என்றார் அண்ணா. "நாப்பத்திரண்டு வயசில ஒரு மனுசன் சேத்துக்கை விழுந்து எழும்புறது ஒரு வேலையே?"

"நானும் அதைத்தான் சொல்லுறன்."

"இஞ்ச சனம் கேக்குது, மச்சான் எந்த ரீம் எண்டு. போன்ல தேடிப் பாத்தன். ஆளின்ர பேரே இல்லை."

"பேர் வெளியிடமாட்டினம் அண்ணா. அது இஞ்சத்தை வழக்கம்."

"பேர் இல்லாமல் விளையாடுறதுக்கு ஏன் விளையாடுவான்? கள்ளன் கூடப் பிடிபட்டா பேர் போடுறாங்கள்."

நான் சிரித்தேன். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, அந்த பெனல்டியைப் பற்றி அண்ணாவுக்குச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன். இடது பக்கம் சாயப் போகிறவர் போல ஏமாற்றிவிட்டு வலது பக்கம் போனார். எத்தனை பேருக்கு அது வரும்?

ஆனாலும் லண்டன்தான் சரி. வெயில் கொஞ்சம் கூட. முருகன் கோவில் பக்கம்.

நவம்பர் 26, சனி

மூடுபனி. கோல் கம்பத்திலிருந்து மற்றக் கோல் கம்பம் தெரியவில்லை என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இவர் உடைமாற்றி, முழங்காலில் எண்ணெய் பூசி, ஒரு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு வந்து சோறு சாப்பிட்டார்.

டிசம்பர் 3, சனி

இன்று நான் மைதானத்துக்குப் போகவில்லை. பால் முடிந்திருந்தது. குன்றின் மேலிருக்கும் பெரிய கடைக்குப் பால் வாங்கப் போனேன். அந்தக் கடையின் கார் நிறுத்துமிடத்து மூலையில் நிறுத்தினால், கீழே மைதானத்தின் முக்கால்வாசி தெரிகிறது. அப்படிக் கட்டியது கடைக்காரரின் பிழை.

ஒலிபெருக்கி மேலே வரை கேட்டது. "இலக்கம் ஒன்று, ட்ரயலிஸ்ட்... இலக்கம் ஒன்பது, ட்ரயலிஸ்ட்."

இரண்டாவது ட்ரயலிஸ்ட் யூவன். இறைச்சிக்கடையில் வேலை செய்கிறவன், ஆறடிக்கு மேல், செம்பட்டைத் தலை. சனிக்கிழமை இறைச்சிக்கடைக்குப் பெருநாள் மாதிரி. வயிற்றுப்போக்கு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்து விளையாடுகிறான்.

இரண்டாம் பாதியில் எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒருவன் அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். யூவன் பொறுத்துப் பார்த்தான். பிறகு திரும்பி, அந்த ஆளை இடுப்பில் பிடித்து, மாட்டுத்தொடையைத் தூக்குவது போலத் தூக்கி, கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், பார்வையாளர்கள் மத்தியில் மெதுவாக நிறுத்திவிட்டு வந்தான். கோபமே இல்லை. நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். பெயர் கேட்டிருக்க வேண்டும், யூவன் ஏதோ சொன்னான், நடுவர் எழுதிக்கொண்டார்.

அதன்பிறகு பத்துப் பேரோடு இவர் ஒரு கோலும் விடவில்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம்.

"பால் வாங்க இவ்வளவு நேரமே?" என்று இரவு கேட்டார்.

"வரிசை," என்றேன்.

டிசம்பர் 8, வியாழன்

கழகச் செயலாளர் ஆர்ச்சி வீட்டுக்கு வந்தார். ஆட்டத்துக்கு ஆட்களைப் பதிவது, ஒலிபெருக்கியில் வாசிப்பது, இடைவேளையில் பை என்று இங்கே சொல்கிற, இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரத்தை விற்பது எல்லாம் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன்.

"டேவ், உனக்கு ஒரு ஆட்டத் தடை."

"எனக்கோ? நான் என்ன செய்தனான்?"

"வன்முறை நடத்தை. நடுவர் அறிக்கையில எழுதியிருக்கிறார், 'ட்ரயலிஸ்ட்' எண்டு."

"அது யூவன் எல்லே."

"அவனும் ட்ரயலிஸ்ட்தான். உதைபந்தாட்டச் சங்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டன், எந்த ட்ரயலிஸ்ட் எண்டு. 'உங்கட ட்ரயலிஸ்ட்' எண்டினம். எங்களிட்ட ரெண்டு பேர் இருக்கினம் எண்டன். 'ரெண்டு பேருக்கு ஒரே பேரை வைச்சது உங்கட பிழை' எண்டினம்."

"அப்ப யூவன்ர பேரைக் குடுங்கோ," என்றேன் நான்.

ஆர்ச்சி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "குடுத்தா பேப்பரில வரும். முதலாளி பாப்பார். யூவனுக்கு வேலை போகும். அந்த முதலாளிதான் எங்களுக்கு பை தாறவர். பை நிண்டா சனம் வராது. சனம் வராட்டிக் கழகத்தை மூட வேண்டியதுதான்."

அவர் போனபிறகு இவர் கதிரையில் இருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆட்டம்தான் முடிவெடுக்கிற ஆட்டம் என்று மனேஜர் கென்னி சொல்லியிருக்கிறார். தடை முடியாமல் மூன்றாவது ஆட்டம் இல்லை.

"சரி, சனிக்கிழமை ஒண்டு தானே. இருந்திட்டு அடுத்ததை விளையாடுறன்," என்றார்.

நகரசபையில் என் வேலை, கார் நிறுத்தத் தண்டம் வந்தவர்களின் முறையீடுகளை வாசிப்பது. விதி என்பது எப்படி எழுதப்படுகிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எதற்கும் சங்கத்தின் விதிகளைத் தேடி வாசித்தேன். தடைக்காலத்தில் கைவிடப்படும் ஆட்டம் கணக்கில் சேராது.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.

டிசம்பர் 10, சனி

மைதானம் உறைந்துவிட்டது. ஆட்டம் இல்லை. தடை அப்படியே.

டிசம்பர் 17, சனி

உறைந்திருக்கிறது.

டிசம்பர் 24, சனி

ஆர்ச்சியும் இவரும் தேங்காய் துருவுகிறவர்கள் மாதிரிக் குந்தியிருந்து மண்வெட்டியால் கோல் முன்றலைக் கொத்திப் பார்த்தார்களாம். மண்வெட்டி வளைந்துவிட்டது.

டிசம்பர் 31, சனி

இன்றைய ஆட்டமும் இல்லை. எங்கள் ட்ரயலிஸ்ட் இன்னும் ஒரு நிமிடத் தடையைக்கூட அனுபவிக்கவில்லை. அடுத்த சனி எங்களுக்கு ஆட்டமே இல்லை. அதற்கடுத்தது ஜனவரி 14. அதற்கடுத்த நாள் பொங்கல்.

அண்ணா சாமான் ஏற்ற வான் பதிவுசெய்துவிட்டார்.

பெட்டிகள் கட்டத் தொடங்கினேன். இவருடைய பழைய சட்டைகள் ஒன்பது நிறத்தில் இருந்தன. எந்த நிறத்துக்கு எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்த ஊரில் மழைக்கு ஒதுங்கலாம், எங்கே தேநீர் குடிக்கலாம், எங்கே கழிவறைக் கதவு பூட்டாது என்பதுகூட. இருபது வருடம் சனிக்கிழமைகளைத் தொலைத்துவிட்டேன் என்று தங்கைக்குப் பலமுறை எழுதியிருக்கிறேன். தொலைத்த ஒன்றை ஒருவர் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்திருப்பது விசித்திரம்தான். களைப்பு காரணமாக இருக்கலாம். பெட்டியை மூடிவிட்டேன்.

சட்டைகளை உள்ளே வைக்கவில்லை. கசங்கிவிடும்.

ஜனவரி 5, வியாழன்

மேன்முறையீடு. (நான்தான் எழுதினேன். இப்படியான கடிதங்களை வாசித்து வாசித்துக் கை தானாக எழுதுகிறது.)

கிளாஸ்கோவில் ஒரு ஹோட்டல் மாடியறை. மேசைக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள், ஒரே மாதிரியான கழுத்துப்பட்டி. பக்கத்து மண்டபத்தில் கலியாண ஒத்திகை நடந்தது, ஒரு பெண் மீண்டும் மீண்டும் "சம்மதம்" என்றாள். நாங்கள் இருவரும் ஆர்ச்சியும் இருந்தோம். ஆர்ச்சி முதலிலேயே இவருடைய காதில், "யூவன்ர பேர் மட்டும் வரப்படாது" என்றார். இவரும் தலையாட்டிவிட்டார். இவர் அப்படித்தான்.

நடுவிலிருந்தவர் கேட்டார். "நீர்தான் ட்ரயலிஸ்ட்டோ?"

"ஓம்," என்றார் இவர்.

"அப்ப தடை உமக்குத்தான்."

நான் எழும்பினேன். "ஐயா, இவர் ட்ரயலிஸ்ட்தான். ஆனால் அந்த ட்ரயலிஸ்ட் இல்லை. இவற்ற பேர் தவயோகராஜா."

மூவரும் கூடிக் குசுகுசுத்தார்கள். நடுவிலிருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, தடை ட்ரயலிஸ்ட்டுக்கு. இவருக்குப் பேர் இருக்கெண்டா இவர் ட்ரயலிஸ்ட் இல்லை. ட்ரயலிஸ்ட் இல்லாதவர் இதில மேன்முறையீடு செய்யேலாது."

"ட்ரயலிஸ்ட் எண்டா?"

"செய்யலாம். ஆனா அவருக்குத் தடை இருக்கு."

"நடுவரைக் கேளுங்கோ. நெட்டை ஆளா கட்டை ஆளா எண்டு கேளுங்கோ. கையுறை போட்டவரோ எண்டு கேளுங்கோ."

"ட்ரயலிஸ்ட்டை அடையாளம் காட்டுற கேள்வி ஒண்டும் நடுவரிட்டக் கேக்கேலாது. அது ட்ரயலிஸ்ட்டின்ர பாதுகாப்புக்காக வைச்ச விதி."

"நான் கண்ணால பாத்தனான்," என்றேன். "கோல்காப்பாளர் தன்ர இடத்தை விட்டு அசையேல்ல."

இவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"மைதானத்தில இருந்தனீங்களோ?"

"இல்லை. மேல, கடையின்ர கார் நிப்பாட்டுற இடத்தில."

"எவ்வளவு நேரம்?"

பக்கத்து மண்டபத்தில் அந்தப் பெண் மறுபடி சம்மதித்தாள்.

"முழு ஆட்டமும்," என்றேன்.

தடை உறுதி. ட்ரயலிஸ்ட் ஜனவரி 14 விளையாட முடியாது. ஆர்ச்சி வாசலில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், பை பிழைத்துவிட்டது என்று.

காரில் பாலம் வரை இவர் வானொலியைத் திருகிக்கொண்டு வந்தார். பிறகு, "அப்ப பால்?" என்றார்.

"பாலும் வாங்கினனான்."

"அண்டைக்கு குளிர் மைனஸ் நாலு."

"கார் ஹீற்றர் போட்டனான்."

"சொல்லியிருக்கலாமே, இஞ்சாரும்."

"என்னத்தைச் சொல்லுறது? பால் வாங்கப் போனதை எல்லாம் சொல்லுறதே?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மழைத் துடைப்பானைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 6, வெள்ளி

மதிய இடைவேளையில் மனேஜர் கென்னிக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறு விஷயம். அவர் வார நாட்களில் கூரை வேலை செய்கிறவர், எங்கள் கூரையில் ஒரு ஓடு அசைகிறது. வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிற நேரத்தில் ஓட்டைப் பற்றி ஏன் கவலைப்படுகிறேன் என்று கென்னி கேட்கவில்லை. நல்ல மனிதர்.

பேச்சுவாக்கில், பதினாலாம் தேதி கோலில் யார் என்று கேட்டேன். வழமையான கோல்காப்பாளர் திரும்பி வருகிறாராம். அவருக்கு வட கடலில் எண்ணெய் மேடையில் வேலை. பன்னிரண்டாம் தேதி ஹெலிகொப்டரில் இறங்குகிறார்.

"அவர் வந்தா டேவ் தேவைப்படாது, தங்கச்சி. தடையும் கிடக்கு. எனக்கும் மனவருத்தம்தான்."

"எனக்கு ஒண்டும் இல்லை," என்றேன். "எங்களுக்கு லண்டன் போறதுதான் விருப்பம்."

ஜனவரி 11, புதன்

வட கடலில் பெருங்காற்று வருகிறதாம். தற்செயலாகத்தான் பார்த்தேன். தற்செயலாக நாலு இடத்தில் பார்த்தேன். நாலிலும் ஒன்றையே சொல்கிறார்கள்.

ஜனவரி 13, வெள்ளி

ஹெலிகொப்டர் பறக்கவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. கோல்காப்பாளர் கடல் நடுவில் இரும்பு மேடையில் நிற்கிறார்.

நாலு மணிக்குக் கென்னி எடுத்தார். நாளை கோலில் நிற்க ஆள் இல்லை, யூவனை நிறுத்தலாம் என்றால் அவனும் ட்ரயலிஸ்ட், வேறு ட்ரயலிஸ்ட் கொண்டுவந்தாலும் அவனும் ட்ரயலிஸ்ட், ஆர்ச்சிக்குக் கையுறை போட்டுப் பார்க்கிறார்கள் என்றார். டேவுடன் கதைக்க வேண்டும் என்றார். இவர் பஸ்ஸில். ஆகவே நான் கதைக்க வேண்டி வந்தது.

"ட்ரயலிஸ்ட்டுக்குத்தானே தடை," என்றேன். "பேர் இருக்கிற ஆள் ட்ரயலிஸ்ட் இல்லை எண்டு அந்தப் பெரியவர் தன்ர வாயாலதான் சொன்னவர். ஆர்ச்சி சாட்சி."

மறுமுனையில் சுத்தியல் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஏணியில் நின்றிருக்க வேண்டும்.

"தங்கச்சி," என்றார் கென்னி, "தவயோகராஜாவுக்குத் தடை இல்லை எண்டுறீர்."

"நான் ஒண்டும் சொல்லேல்ல. இரவைக்கு இடியப்பம் அவிக்கிறன், ஆர்ச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வந்தார்கள். கென்னியின் தலைமயிரில் கூரைத்தூசி இருந்தது. சொதியைக் கோப்பையில் ஊற்றித் தேநீர் போலக் குடித்தார். ஒரே ஒரு நாளுக்கு ஒப்பந்தம் எழுதலாம் என்று ஆர்ச்சி தொடங்கினார். ஒரு நாள் ஒப்பந்தம் என்றால் சங்கத்தில் சிரிப்பார்கள், சந்தேகமும் வரும், பருவம் முடியும் வரை என்று எழுதினால்தான் கண்ணில் படாது என்று நான் இடியப்பத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னேன். இரண்டு பேரும் அது நியாயம் என்றார்கள்.

இவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று மேசையைப் பார்த்தார். "என்ன நடக்குது?"

"கையைக் கழுவிப்போட்டு வந்து கையெழுத்தை வையுங்கோ," என்றேன். "சொதி ஆறுது."

அண்ணாவுக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

"வான் காறனுக்கு நான் என்ன சொல்லுறது?"

"வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"நீதானேடி வாறம் வாறம் எண்டு நிண்டனீ?"

"இப்ப ஒப்பந்தம் எல்லே அண்ணா. நான் என்ன செய்ய?"

"மடைச்சி," என்றார் அண்ணா. ஆனால் அவருடைய குரலில் அவ்வளவு கோபம் இல்லை. மெல்ல, "அப்ப இனிப் பேர் வருமோ?" என்று கேட்டார்.

ஜனவரி 14, சனி

போனேன். பால் இருந்தது. எண்டாலும் போனேன்.

காற்று கடலிலிருந்து நேரே வந்தது. வடக்குப் பக்கக் கோலுக்குப் பின்னால்தான் கொஞ்சம் மறைப்பு. அங்கே நின்றபிறகுதான் அது எதிரணியான பல்நாடி ஊர்க்காரர்களின் பகுதி என்று தெரிந்தது. முப்பது முப்பத்தைந்து பேர், பச்சைச் சால்வை. இடம் மாறினால் குளிரும் என்று நின்றுவிட்டேன். இவர் முதல் பாதியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பத்து அடி தூரத்தில் நின்றார்.

ஒலிபெருக்கியில் ஆர்ச்சி தொண்டையைச் செருமினார். "இலக்கம் ஒன்று," என்றார். நின்றார். கடதாசியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. "தாவா," என்றார். "தாவாயோ," என்றார். பிறகு மூச்செடுத்து, மாட்டுவண்டி மேடு ஏறுவது போல ஒரே இழுப்பில் முழுவதையும் சொல்லி முடித்தார். எங்கள் பக்கத்துச் சனம் கைதட்டியது. இவர் கம்பத்தில் சப்பாத்தைத் தட்டி மண் உதிர்த்தார், தேவைக்கு மேலே நாலைந்து தரம்.

ஆட்டத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு மாதம் உறைந்திருந்த நிலம் இளகிக் களியாகக் கிடந்தது. முதல் கோல் இவருடைய காலுக்கிடையால் போனது. இரண்டாவதுக்கு இவர் விழுந்து எழும்புவதற்குள் அவர்கள் கொண்டாடி முடித்துவிட்டார்கள்.

பல்நாடிக்காரர்களுக்கு இவரை ஏற்கெனவே தெரியும். வேறு கழகத்துக்கு ட்ரயலிஸ்ட்டாக நின்றபோது, "பேரில்லாதவனே, பேரில்லாதவனே, உனக்குப் பேர் வைக்கவும் ஆளில்லையோ" என்று ராகம் போட்டுப் பாடியவர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் வெந்நீர் ஆறும் வரை இருந்தார். இன்றைக்கு அந்தப் பாட்டைத் தொடங்கி, முதல் அடியிலேயே நிறுத்திவிட்டார்கள். பெயர் வந்துவிட்டது. அது என்னவென்றுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

என் பக்கத்தில் நின்ற தாடிக்காரர் கையை வாயில் குவித்து, "தாவாயாகா! உன்ர கையில என்ன ஓட்டையோ?" என்று கத்தினார்.

மூன்றாவது கோல்.

"யோகரா! வீட்டை போய்ப் படு!"

என்னால் தாங்க முடியவில்லை. "தவ," என்றேன்.

"என்ன?"

"தவ. குறில். பிறகு யோக. பிறகு ராஜா. மூண்டையும் சேத்துச் சொல்லுங்கோ."

தாடிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு ஆளைத் தெரியுமோ?"

"கொஞ்சம்," என்றேன்.

அவர் தன் நண்பர்களைக் கூப்பிட்டார். நான் சொல்ல, அவர்கள் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கடைசி வரை "ராஜ்" என்றே முடித்தார், அவரை மூன்று முறை திருத்தினேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன், நாலாவது கோல். கலைந்து கலைந்து கத்தினார்கள். "எல்லாரும் ஒண்டாத் தொடங்கோணும்," என்றேன். "நான் கை காட்டுறன்."

ஐந்தாவது, முதல் பாதி முடிகிற நேரத்தில், இவருடைய விரல் நுனியில் பட்டு உள்ளே போனது. நான் கையைக் காட்டினேன். முப்பத்தைந்து பேரும் ஒரே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் எடுத்தார்கள்.

"தவயோகராஜா! தவயோகராஜா! உன்னை விடக் கம்பம் நல்லாத் தடுக்கும், தவயோகராஜா!"

இவர் வலைக்குள் குனிந்து பந்தை எடுத்தார். அப்படியே அசையாமல் நின்றார். பிறகு, இந்த நாட்டில் தன்னை இவ்வளவு சுத்தமாகப் பெயர் சொல்லி ஏசுகிறவர்கள் யார் என்று, முகமெல்லாம் சேறாக, மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

நான் கையசைத்தேன்.